மூட்டுத் தேய்மானம்: நடக்கலாமா, படி ஏறலாமா?

கேள்வி: வயது 56. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் தரையில் சம்மணமிட்டு வேலை. வலது முழங்கால் தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். தினமும் குமரகிரி மலைப் படி ஏறி இறங்கினால் மூட்டு பலப்படும் என்கிறார் நண்பர். நடந்தாலே இன்னும் தேயும் என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி?
- வாசகர், சேலம்

பதில்: இருவர் சொல்வதும் பாதிதான் சரி. தேய்வது, எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீர்தான் அதற்கு ஊட்டம். கால் மடங்கி நீண்டால்தான் அந்த நீர் உள்ளே போய்வரும். அதனால் நடை அவசியம். ஆனால் படி இப்போது வேண்டாம். இறங்கும்போது உடல் எடையைத் தொடைத் தசைதான் தாங்கிப் பிடிக்கிறது. அது தளர்ந்திருந்தால் அழுத்தம் முழுக்க முழங்கால் சில்லுக்குப் பின்னால் போய் விழும்.

முதலில் தொடையைத் தேற்றுங்கள். கட்டிலில் கால் நீட்டி, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி நிறுத்துங்கள், 10 முறை. பிறகு மல்லாந்து படுத்து, இடது காலை மடக்கி, வலது காலை மடங்காமல் ஓரடி உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்துங்கள்; இதுவும் 10 முறை. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். காலை, மாலை இரு வேளையும் செய்யலாம். இரண்டு வாரம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, 8 முறை. பலரும் தவறுவது இதில்தான்: தொப்பென்று உட்காருவார்கள், அல்லது முழங்கால்கள் உள்பக்கம் சாயும். இருக்கை தாழ்வாக இருந்தால் தலையணை போட்டு உயர்த்துங்கள்.

நடைக்குச் சமதளம் வேண்டும். காந்தி ஸ்டேடியம் போதும். 10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 2, 3 நிமிடம் கூட்டி 30 வரை போகலாம். கைத்தடி இடது கையில். வலிக்கும் பக்கமே பிடித்தால் பாரம் குறையாது. செய்யும்போது லேசான வலி இருந்தால் பயமில்லை. இரண்டு மணி நேரம் கழித்தும் குறையாவிட்டால், மறுநாள் பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். மூட்டு சூடாகி வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பட்டறையில் ஸ்டூலும் உயரமான பலகையும் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கும் வரை, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டி மடக்குங்கள். இதைச் செய்யாமல் பயிற்சி மட்டும் செய்தால் பலன் பாதிதான்.

வீட்டில் படி தவிர்க்க முடியாது. கைப்பிடியைப் பிடித்து, ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில்.