காணியை ஈடு வைக்காதீர்கள், இயன்மருத்துவத்தைப் பாருங்கள்

அன்புள்ள அம்மா,

ஹட்டனிலிருந்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் சித்தியடைந்திருக்கிறாள், பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்கு எட்டவில்லை. காணியை ஈடு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி டொக்டராக்கு என்கிறார் உங்கள் அண்ணன். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அவர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அங்கே படித்து முடித்தாலும், இலங்கை மருத்துவ சபைப் பதிவுக்கான பரீட்சையில் சித்தியடையாமல் இங்கே தொழில் செய்ய முடியாது. அதுவரை வட்டி ஏறும். கட்டப்போவது நீங்கள், அண்ணன் இல்லை.

தாதியர், ஆசிரியர் வேலைகளைப் பற்றி உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. காலையில் தூக்கிய அதே எடைத் தேயிலைக் கொழுந்து பின்னேரம் பாட்டிக்கு ஏன் அதிகம் கனக்கிறது என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். அம்மா, அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே ஒரு படிப்பு, அது இயன்மருத்துவத்தில் (பிசியோதெரபி) வரும்.

களைத்த தசையிடம் அதே பலத்தை வாங்க மூளை கூடுதல் கட்டளை அனுப்ப வேண்டும். அந்தக் கூடுதலைத்தான் பெரும்பாலும் பாரமாக உணர்கிறோம். தோலில் மின்வாய் (எலக்ட்ரோட்) ஒட்டினால், பலம் மாறாதபோதும் தசையின் மின் சமிக்ஞை பெருகுவது திரையில் தெரியும். ஒருவரின் வலக்கையைக் களைக்கவிட்டு, அது அழுத்தும் அதே அளவு இடக்கையாலும் அழுத்தச் சொல்லுங்கள். இடக்கை தேவைக்கு மேல் அழுத்தும், ஆளுக்கோ இரண்டும் சமம் என்றே தோன்றும். பக்கவாதம் வந்தவர் பிளாஸ்டிக் கோப்பையை நசுக்காமலும் நழுவவிடாமலும் பிடிக்கப் பழகும்போது, இதை அறிந்த இயன்மருத்துவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். எவ்வளவு சிரமம் என்று 6 முதல் 20 வரை எண் சொல்லக் கேட்பதும் உண்டு. சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் அது.

பேராதனைப் பல்கலைக்கழக இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் இயன்மருத்துவம் 4 வருடப் பட்டப்படிப்பு. கற்பித்தல் கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவுதான், அதற்கும் மஹாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். ஹட்டன் - கண்டி பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. படிப்பு ஆங்கிலத்தில், ஆகவே இப்போதே பயிற்சி தொடங்கட்டும். சும்மா கிடைக்கும் இடமும் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிட்ட, உங்கள் மாவட்டத்துக்கான முந்தைய வருட வெட்டுப்புள்ளிகளோடு மகளின் புள்ளியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், விண்ணப்பத்தில் தெரிவு வரிசையை மகளே எழுதட்டும். அண்ணன் கோபித்தால் என்னோடு பேசச் சொல்லுங்கள்.