ஊட்டிப் பனிக்கு முன் பழைய மாருதியில் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். 1998-ஆம் ஆண்டு மாருதி 800 ஏ.சி. கார் வைத்திருக்கிறேன். மார்கழிக் காலையில் வெகுதூரம் ஓட்டிய பிறகும் டெம்பரேச்சர் முள் ஏறுவதில்லை. ஹீட்டரிலும் குளிர்ந்த காற்றே வருகிறது. ஆனால் சேலத்திலிருந்து மலையேறினால், கடைசி வளைவுகளில் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. ரேடியேட்டரில் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தை மாதம் ஊட்டியில் சில நாள் தங்க வேண்டும். இரவில் வண்டி வெளியில்தான் நிற்கும். என்ன செய்யலாம்?

பதில்: இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் வாய்வரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் குறைந்து காற்று புகுந்திருந்தாலும் ஹீட்டர் சூடாகாது. அளவு சரியாக இருந்தால், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) திறந்த நிலையிலேயே சிக்கியிருக்க வேண்டும், அல்லது அதை யாரோ முன்பே கழற்றியிருக்க வேண்டும். வண்டி சூடாகிறது என்று கொண்டுபோனால் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு அனுப்பும் பழக்கம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் நெடுநாளாக உண்டு. அந்தப் பழக்கத்தை என்னால் ஏற்க முடியாது. சூடேறாத இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும். முழுதாக எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலந்து தேய்மானத்தைக் கூட்டும். சூடேறியதற்கான உண்மைக் காரணமோ அப்படியே இருக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்து, சுழலும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் நல்ல நிலையில் இருந்தால் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் அது வேலை செய்யவில்லை. புதிதாக வாங்குவதையும் மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டி, பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள், வால்வு திறக்க வேண்டும். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டும் புதிதாகப் போட வேண்டும்.

மலையேறும்போது சூடாவதற்கு வேறு காரணம் இருக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடிதான் அந்தக் கொதிநிலையை ஏறத்தாழ 20 டிகிரி உயர்த்தி வைக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். விலை குறைவான பொருள்தான். பழையதில் குறித்துள்ள அதே அழுத்த அளவைப் பார்த்து வாங்கி மாற்றிவிடுங்கள். அதோடு, வண்டியை நிறுத்திய நிலையில் ஓடவிட்டு, சூடேறியதும் ஃபேன் தானாகச் சுழல்கிறதா என்றும் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைந்து முன்காற்று இல்லாதபோது அந்த ஃபேனை நம்பித்தான் இன்ஜின் இருக்கிறது.

போர் தண்ணீரை இன்றோடு விட்டுவிடுங்கள். சமையல் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. ஹீட்டர் லீவரைச் சூட்டுப் பக்கம் வைத்து, ஆறிய இன்ஜினிலிருந்து தண்ணீரை முழுதும் இறக்கி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஓடவிட்டு, மறுபடி ஆறவிட்டு இறக்க வேண்டும். தெளிவாக வரும்வரை இப்படியே செய்யுங்கள். ஆசிட் ஊற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இன்ஜினின் மேற்பகுதியான அலுமினிய ஹெட்டை அது அரித்துவிடும். பழைய ரேடியேட்டரில் சில சமயம் உப்புப் படிவமே சிறு ஓட்டைகளை அடைத்துக் கொண்டிருக்கும் என்பதால், கழுவிய பின் கசிவு தெரியக்கூடும். ஆகவே இந்த வேலையைப் பயணத்துக்குச் சில வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இனி உறைபனி. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிவடைவதால், ரேடியேட்டர் குழாயும், குளிர் கடுமையானால் இன்ஜினின் முக்கிய உலோக உடலான பிளாக்கும்கூட விரிசல் விடலாம். ஊட்டியில் தை மாத அதிகாலையில் புல்வெளிகளில் உறைபனி படிவது வழக்கம். ஓர் இரவில் பிளாக் வெடித்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெறும் தண்ணீரோடு போவதும் சரியல்ல. உறைவதைத் தடுக்க ரேடியேட்டர் தண்ணீரில் சேர்க்கும் எத்திலீன் கிளைக்கால் கூலண்டை மூன்றில் ஒரு பங்கு கலந்தாலே மைனஸ் 15 டிகிரி வரை உறையாது. சரிபாதி கலந்தால் மைனஸ் 35-ஐயும் தாங்கும். நம் மலைகளுக்கு முன்னதே போதும். கலக்காத கூலண்டை மட்டும் ஊற்றினால் அது மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். சூட்டையும் சரியாகக் கடத்தாது. கடையில் வாங்கும்போது அது ஏற்கெனவே தண்ணீர் கலந்ததா என்று லேபிளைப் படித்துக்கொள்ளுங்கள். கலந்ததில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. இது இனிப்புச் சுவையுள்ள விஷம். சிந்தியதை நாய் நக்கினாலும் உயிருக்கு ஆபத்து. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எல்லாம் முடிந்த பின் ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருமுறை ஏறி, மறுநாள் காலை இன்ஜின் ஆறிய நிலையில் கூலண்ட் அளவைப் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால், அது குளிரில் குறுகிய தூரமே ஓட்டியதால் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம். ஆனால் வெளிக்கசிவு இல்லாமலே அளவு குறைந்து, இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழ் தொடர்ந்து வந்தால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஊட்டிக்குக் கிளம்ப வேண்டாம்.