2024-ல் இங்கிலாந்துக் கால்பந்து அணியான லிவர்பூலின் ரசிகர்கள் ஸாபி அலோன்ஸோவைத்தான் மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக, கேட்டது ஏன்?

முதல் காரணம் பழைய பாசம். அந்த ஜனவரியில் அப்போதைய மேனேஜர் யூர்கன் கிளாப் விலகப் போவதாக அறிவித்ததுமே பலர் வாயிலும் வந்த பெயர் அலோன்ஸோ. லிவர்பூலுக்காக ஆடிய காலத்தில், 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் மிலான் கோல்கீப்பர் டிடா தடுத்த தன் பெனால்டியை, ஓடிப்போய் இடது காலால் வலையின் மேற்பகுதிக்கு அடித்து 3-3 ஆக்கியவர். அதை எப்படி மறப்பார்கள்? போதாததற்கு, அப்போது மேனேஜராக லெவர்குசன் அணியைத் தோல்வியே இல்லாமல் ஜெர்மன் பட்டத்தை நோக்கி நடத்திக்கொண்டிருந்தார்.

தயங்கியவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மூன்று டிஃபெண்டர்களை வைத்து ஆடுவது அவர் முறை. லிவர்பூலோ நான்கு பேரோடு பழகிய அணி. என்னைக் கேட்டால் விவாதத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆள் எவ்வளவு பெரியவர் என்பது அப்புறம். கையில் இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு அவர் முறை ஒத்துவருமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மார்ச்சில் அலோன்ஸோ லெவர்குசனிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். சரி, வந்தவர் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணி மேனேஜர் ஆர்னே ஸ்லாட். நான்கு டிஃபெண்டர்கள், முன்னேறி அழுத்தும் ஆட்டம் என்று கிளாப்புக்கு நெருக்கமான பாணி. அந்தக் கோடையில் வாங்கி உடனே அணியில் சேர்த்த புது ஆட்டக்காரர் கியேசா ஒருவர்தான். 2025 ஏப்ரல் 27 அன்று சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் டாட்டன்ஹாமை 5-1 என வென்று 20-வது இங்கிலாந்து லீக் பட்டத்தை எடுத்தார்கள்.