நலங்கு மாவை வீட்டிலேயே அரைத்து விற்கலாமா?

பாட்டி பக்குவத்தில் அரைக்கும் நலங்கு மாவை எப்படிச் சிறுதொழிலாக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஈரத்தைக் கவனியுங்கள். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் நன்றாகக் காயாவிட்டால் பாக்கெட்டுக்குள் பூஞ்சையும் வண்டும் வந்துவிடும். மிளகாய் அரைத்த மில்லில் அப்படியே கொடுத்தால், அப்புறம் முகம் எரிகிறது என்று போன் வரும்!

சட்டப்படி இது அழகுசாதனப் பொருள். விற்பனைக்குத் தயாரிக்க 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் அது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பு. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம்தான், ஆனால் இந்த உரிமத்துக்கு ஈடாகாது. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். லேபிளில் ‘தேமல் குணமாகும்’ என்று போட்டால் அது மருந்துக் கணக்கில் போய்விடும். அதற்கு உரிமமே வேறு. அழகுசாதன உரிமம் எடுக்கும் செலவு கட்டாதென்றால், உரிமம் உள்ள தயாரிப்பாளரிடம் உங்கள் பக்குவத்தில் செய்து வாங்கி விற்கலாம்.