ரத்தத்தில் ஈயம்: மூலிகை கேப்சூல் காப்பாற்றுமா?

கேள்வி: என் கணவர் பழைய பேட்டரிகளைப் பிரிக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். அவர் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 32 மைக்ரோகிராம். மஞ்சள், பூண்டு, கொத்தமல்லிச் சாறு சேர்ந்த கேப்சூல் சாப்பிட்டால் ஈயம் ஏறாது என்கிறார்கள். 4 வயது மகளுக்கும் கொடுக்கலாமா?

பதில்: மகளுக்குக் கொடுக்காதீர்கள். முதலில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களுக்குச் சுமார் 10 சதவீதம்தான் உடலில் சேரும். சின்னக் குழந்தைகளுக்குப் பாதி வரைகூடச் சேரும். அப்பாவின் சட்டையில் ஒட்டி வரும் தூசியே அவளுக்கு அதிகம்.

மூலிகைப் பேச்சு முழுக்கப் பொய்யும் இல்லை. பெரும்பாலும் எலிகளிடம் பார்த்தது அது. தண்ணீரில் ஈய உப்பைக் கலந்து வைப்பார்கள், அதே நாட்களில் சாற்றையும் புகட்டுவார்கள். பிறகு கல்லீரலைச் சோதித்தால் செல்களைக் காக்கும் பொருளான குளூட்டாதயோன் அவ்வளவாகக் குறைந்திருக்காது, செல் சிதைவும் குறைவாக இருக்கும். அதாவது, ஈயம் செய்யும் சேதத்தைச் சாறு கொஞ்சம் தணிக்கிறது. ஈயம் உள்ளே வராமல் தடுப்பது வேறு விஷயம்.

மனிதர்களில்? ஈரானில் கார் பேட்டரித் தொழிலாளர்களுக்கு 4 வாரம் பூண்டு மாத்திரை கொடுத்த ஆய்வு 2012-இல் வெளியானது. ரத்த ஈயம் ஓரளவு இறங்கியது உண்மை. ஆனால் பெரியவர் உடலில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் தங்குகிறது, அங்கிருந்து வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். ஈயம் ஏறிய குழந்தைகளுக்குக் கொத்தமல்லிச் சாறு கொடுத்துப் பார்த்ததில், போலி மருந்தைவிட அது மேலாக இல்லை.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. கேப்சூலிலேயே ஈயம் இருக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட முடிவில், 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

சரி, என்ன செய்யலாம்? 32 என்பது சாதாரண அளவு இல்லை. கணவர் ஈயத் தூசி படாத வேலைக்கு மாறுவதுதான் முதல் வைத்தியம். அதுவரை பட்டறையிலேயே குளித்து, உடையும் செருப்பும் மாற்றிவிட்டு வரட்டும். அந்தத் துணிகளை உதறாமல், தனியாகத் துவையுங்கள். வீட்டைப் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். மகளுக்கு இரும்புச்சத்து குறைவாக இருந்தால் ஈயம் இன்னும் வேகமாகச் சேரும், அதையும் சேர்த்தே பாருங்கள்.

அவள் அளவு 5-ஐத் தொட்டாலே மருத்துவரிடம் போங்கள். 45-ஐ எட்டினால் சக்சிமர் போன்ற ஈயம் நீக்கும் மருந்து தேவைப்படும். அதை நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. தூசி தொடரும்போது கொடுத்தால் ஈயம் கூடுதலாகச் சேரவும் வாய்ப்புண்டு. நீங்கள் கர்ப்பமாக இருந்தால் உங்களுக்கும் உடனே பரிசோதனை வேண்டும்.