கறுப்பு பெல்ட் பெட்டியிலேயே இருக்கட்டும், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும். ஜூடோவில் முதல் டான், அதாவது கறுப்பு பெல்ட்டின் முதல் படி; பாட்டியாலாவில் ஆறு வாரப் பயிற்சியாளர் சான்றிதழ், வரும் செப்டம்பரில் லண்டனில் முதுகலைப் படிப்பு. வாரத்தில் மூன்று நாள் ஏதாவது ஒரு கிளப்பில் பயிற்சி கொடுத்தால் கைச்செலவுக்கு ஆகுமா, யாரைப் பார்க்க வேண்டும், அறை வாடகை எப்படி, குளிருக்கு என்ன வாங்கி வருவது என்று கேட்டிருக்கிறீர்கள். 2004இல் மனைவியின் வேலை விசாவில் துணையாக வந்து இறங்கியபோது எனக்கும் இதே கேள்விகள்தான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வாடகையைப் பற்றிச் சொல்ல இங்கே நூறு பேர் இருக்கிறார்கள். நான் ஜூடோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் விசா. மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே விதியில் அதற்குக் கீழே இருப்பதைப் படித்தவர்கள் குறைவு. தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக் கூடாது, விளையாட்டுப் பயிற்சியாளர் வேலையும் அதில் அடக்கம். சுயதொழிலும் கூடாது. சம்பளம் வாங்கவில்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. தொழில்முறை மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ பயிற்சி கொடுத்தால், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த வரையறைக்குள் வந்துவிடுவீர்கள். பிழைப்புக்கு அல்லாமல் சொந்த விருப்பத்துக்காக மட்டும் ஆடுகிற அமெச்சூர்களை அதிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் இடம் அங்கேதான். ஆகவே கைச்செலவுக் கணக்கை இன்றே கிழித்துப் போடுங்கள். இலவசமாக உதவப் போவதென்றாலும், பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

"கையில் காசாக வாங்கிக்கொள், யாருக்குத் தெரியப் போகிறது" என்று சொல்ல நம்மவர்களே நாலு பேர் வருவார்கள். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல ஜூடோக்காரர், உச்சிமாதா என்ற எறிதல் அவருக்கு என்னைவிடச் சுத்தம். ஒரு சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, நம் பிள்ளைகள் இருபது பேரைச் சேர்த்து, தானே ஒரு சங்கத்துக்குப் பெயர் வைத்து, முத்திரை செய்து, பெல்ட்டும் கொடுத்தார். காப்பீடு கிடையாது. தரையில் யோகாவுக்குப் போடும் மெல்லிய விரிப்பு. ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குக் காறையெலும்பு முறிந்த அன்று மாலையே கூடத்தின் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பெல்ட் எந்தக் கிளப்பிலும் செல்லவில்லை. அழுதுகொண்டே இரண்டு பேர் எங்களிடம் வந்து வெள்ளையிலிருந்து தொடங்கினார்கள். அவர் இப்போது ஊருக்குப் போனால் தன்னை 'மாஸ்டர்' என்று அழைக்கச் சொல்கிறார் என்று கேள்வி.

இனி உங்கள் டான். அதைக் கொடுத்தது யார்? சர்வதேச ஜூடோ கூட்டமைப்பில் உறுப்பாக உள்ள தேசிய அமைப்பா, அல்லது மாவட்டத்துக்கு ஒன்று என்று முளைத்த சங்கமா? முதல் வகை என்றால் மூலச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள், பேச இடம் உண்டு. இரண்டாம் வகை என்றால் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். என்னுடையது இரண்டாம் வகை. புலித்தலை போட்ட பெரிய தங்க முத்திரை, மூன்று கையெழுத்து, அதில் ஒன்று அரசியல்வாதியுடையது.

2004 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, கிழக்கு லண்டனில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடம். தலைமைப் பயிற்சியாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். என் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாகப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. விரிப்புகள் அந்த அலமாரியில் இருக்கின்றன" என்றார். ஒவ்வொரு விரிப்பும் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், நனைந்த மூட்டை கனம். அன்று மட்டும் நாற்பது விரிப்பு அடுக்கினேன். பிறகு ரண்டோரி, அதாவது ஜோடி சேர்ந்து உண்மையாகவே மோதிப் பழகுவது. நின்று ஆடும்போது சமாளித்துவிட்டேன். தரைக்குப் போனதும், ஐம்பது வயதுக் குழாய் வேலைக்காரர் ஒருவர் என் நெஞ்சின்மேல் குறுக்கே படுத்துக்கொண்டு, வாரத்தில் அவருக்கு வந்த வேலைகளைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னால் எழவே முடியவில்லை. எங்கள் ஊரில் தரை ஆட்டத்தைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கிவைத்திருந்தோம். அன்று இரவு கிடங்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், திரும்பப் போகவே கூடாது என்று முடிவு செய்தேன். அடுத்த வியாழன் போனேன்.

அவமானமாக நினைப்பீர்கள் என்றால் குஞ்ஜி கொய்சுமியைச் சொல்கிறேன். ஜப்பானிலிருந்து 1906இல் பிரிட்டனுக்கு வந்தவர், நம்மைப் போல இங்கே வந்து வேரூன்றியவர். அரக்கு வேலைப்பாட்டுப் பொருள்களில் தொழில் நடத்தி, 1918இல் தன் கைக்காசைப் போட்டு லண்டனில் புடோக்வாய் என்ற கிளப்பைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. அவர் அப்போது கற்பித்தது ஜூடோவுக்கு மூலமான பழைய ஜப்பானியச் சண்டைக்கலை ஜுஜுட்சு. 1920இல் ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகொரோ கானோவே நேரில் வந்தார். கொய்சுமியும், அங்கே கற்பித்துக்கொண்டிருந்த யுகியோ தானியும் தங்கள் பழைய பெருமையை மடித்து வைத்துவிட்டு, கானோ கொடுத்த இரண்டாம் டானை வாங்கிக்கொண்டு ஜூடோவுக்கு மாறினார்கள். தானி அதற்கு முன் இசையரங்க மேடைகளில் சவால்விட்டு மல்லர்களைச் சாய்த்தவர். அவர்களே மாறினார்கள். புலித்தலை முத்திரைக்கு என்ன வந்தது?

இங்கே எல்லாம் ஒரே சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் ஜூடோ சங்கம் 1948இல் தொடங்கியது. கென்ஷிரோ அபே 1958இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஜூடோ கவுன்சில் வேறு. இன்னும் சில உண்டு. கிளப் எந்த அமைப்பில் இருக்கிறதோ அதில்தான் உங்கள் உறுப்பினர் உரிமம், காப்பீடு, பயிற்சியாளர் தகுதி எல்லாம் தொங்குகின்றன. முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளர் தகுதிக்கு நிலைகள் உண்டு. நான் படித்த காலத்தில் முதல் நிலை என்பது உதவியாளர்: தகுதி பெற்ற ஒருவர் கூடத்தில் இருந்தால்தான் பிள்ளைகளின் முன்னால் நிற்க முடியும். இரண்டாம் நிலை பெற்றவர் தனியாக வகுப்பு நடத்தலாம். முதல் நிலை எனக்கு எளிதாகக் கிடைத்தது. இரண்டாம் நிலையில் முதல் முறை தோற்றேன். ஓசோட்டோ காரி என்ற எறிதலைக் கற்பிக்கச் சொன்னார்கள். இருபது நிமிடம். நான் கானோவிலிருந்து தொடங்கி, சமநிலை குலைப்பதன் தத்துவம் முழுவதையும் சொன்னேன். மதிப்பீட்டாளர் அம்மையார் கையில் ஒரு கடிகாரம். முடிந்ததும் கேட்டார்: "பிள்ளைகள் எத்தனை நிமிடம் அசைந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?" பதினைந்து என்றேன். ஏழு. மீதி நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், ஒருவன் கால்விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தானாம். 2009இல் மறுபடி போய், மூன்று வாக்கியம் சொல்லி, ஒரு முறை செய்து காட்டி, ஜோடி பிரித்து விட்டுவிட்டேன். கிடைத்தது. நம் ஊர் ஆசிரியர் மரபில் வந்தவர்களுக்கு வாயை மூடுவதுதான் இந்தத் தேர்விலேயே கடினமான பகுதி.

ஆனால் உங்களிடம் நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. இங்கே பயிற்சியாளர் சான்றிதழ் என்பது நீங்கள் எவ்வளவு நன்றாக எறிகிறீர்கள் என்பதற்கு அல்ல. ஒரு தாய் தன் பிள்ளையை ஒன்றரை மணி நேரம் உங்களிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்பதற்கு. அதற்காக இரண்டு காகிதம் உண்டு: டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை, பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி. டி.பி.எஸ். தன்னார்வலர்களுக்கு அரசுக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். அது வெளிநாட்டுப் பதிவுகளைப் பார்க்காது என்பதால், புதிதாக வந்தவரிடம் ஊர்க் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்கக் கூடும். கிளம்புவதற்கு முன்பே வாங்கிக்கொண்டு வாருங்கள். ஸ்காட்லாந்துக்குப் போனால் டி.பி.எஸ். அல்ல, அதற்கு ஈடாக அங்கே உள்ள பி.வி.ஜி. என்ற திட்டம்.

உதவியாளராக நின்ற தொடக்க மாதங்களில் நான் ஒரு காரியம் செய்தேன். எனக்குக் கற்பித்தவர் பெல்ட்டின் நுனியால் கெண்டைக்காலில் சுண்டுவார். வலிக்காது, சுரீரென்று இருக்கும். அதே பாசத்தோடு நானும் ஒரு பத்து வயதுப் பையனைச் சுண்டினேன். அவன் சிரித்தான்கூட. வகுப்பு முடிந்ததும் தபால்காரர் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போனார். குரலை உயர்த்தவில்லை. "இதை எழுதி வைத்திருக்கிறேன். பையனின் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை நடந்தால் இந்த நாட்டில் எந்த விரிப்பிலும் உன்னால் நிற்க முடியாது." ஒரு மாதம் அவருடன் நான் சரியாகப் பேசவில்லை. வெள்ளைக்காரத் திமிர் என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "உன் மாஸ்டர் அடித்ததால் எத்தனை பேர் ஜூடோவை விட்டார்கள்?" என்று கேட்டாள். எங்கள் குழுவில் முப்பது பேர் சேர்ந்தோம், மிஞ்சியது நாலு பேர். நான் அந்த நாலில் ஒருவன் என்பதால் மற்ற இருபத்தாறு பேரை ஒருநாளும் நினைத்ததில்லை.

பாதுகாப்புப் பயிற்சியிலும் என் மூக்கு உடைந்தது. மழையில் நிற்கும் பிள்ளையைப் பயிற்சியாளர் தன் காரில் தனியாக வீட்டில் கொண்டுபோய் விடுகிறார், இதில் என்ன தவறு என்று கேட்டார்கள். "தவறே இல்லை, நல்ல மனிதர்" என்று உரக்கச் சொன்னது நான் மட்டும்தான். இப்போது நானே மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தனியாக ஒரு பிள்ளையோடு இருக்காதே; நிலையைத் திருத்தத் தொடுவதற்கு முன் எங்கே, ஏன் தொடப் போகிறாய் என்று சொல்; பிள்ளைக்கு நேராகச் செய்தி அனுப்பாதே, பெற்றோருக்கு அனுப்பு; அனுமதி இல்லாமல் படம் எடுக்காதே. 2022 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் சட்டப்படி நம்பிக்கைப் பொறுப்பில் உள்ளவர்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் ஆசிரியருக்கு உள்ள அதே கட்டுப்பாடு உங்களுக்கும் உண்டு. "நம்ம பண்பாட்டில் இதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. தேவை இல்லாமலா இருந்தது?

தலையில் அடிபட்டால் விளையாட்டு முடிந்தது, அன்று திரும்ப இறக்கக் கூடாது. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் இருந்தால், இங்குள்ள வழிகாட்டுதல்படி குறைந்தது 21 நாள் போட்டி கிடையாது. இதைச் சொன்னதற்காக ஒரு தமிழ் அப்பா என்னோடு சண்டைக்கு வந்தார், அடுத்த ஞாயிறு பதக்கம் போய்விடுமாம். நம் பெற்றோர்கள் தனி அத்தியாயம். பிரிட்டிஷ் ஜூடோ சங்கத்தில் சிறுவர்களுக்கு மோன் என்று பதினெட்டுப் படிகள். ஒரு நிறத்துக்கு மூன்று படி, பழுப்போடு முடிந்துவிடும். கறுப்பு அதில் இல்லவே இல்லை. இதைத் தாளில் வரைந்து காட்டிய பிறகும், "அடுத்த வருஷம் கறுப்பு வந்துவிடுமா, பள்ளி விண்ணப்பத்தில் போட வேண்டும்" என்பார்கள். அடித்தாவது சொல்லிக்கொடுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களிடம் கார் நிறுத்துமிடக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாணவராக ஒரு கிளப்பில் சேருங்கள், ஆறு மாதம் விரிப்பு அடுக்குங்கள், பெல்ட்டைப் பற்றி அவர்களே கேட்கட்டும். முதலுதவிச் சான்றிதழ் எடுத்து வைத்தால் எங்கும் உதவும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விசா மாறிய பிறகு நிலைத் தேர்வுகளைப் பற்றி யோசிக்கலாம்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்டு, கையுறை எல்லாம் இங்கேயே கிடைக்கும். ஜூடோ கீ என்ற பயிற்சி உடை மட்டும் இரண்டு கொண்டு வாருங்கள். நம் ஊரில் மொட்டை மாடியில் போட்டால் மதியத்துக்குள் விறைத்துக் காய்ந்துவிடும். இங்கே ஜனவரியில் அறைக்குள் தொங்கவிட்டால் மூன்று நாளானாலும் கக்கத்தில் ஈரம் போகாது. என்னிடம் ஒன்றுதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை வியர்வையை வியாழக்கிழமையும் அணிந்துகொண்டு போனேன். என்மேல் படுத்திருந்த அந்தக் குழாய் வேலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார். அந்தக் குளிர்காலம் முழுவதிலும் நான் அவரிடமிருந்து தப்பியது அந்த ஒருமுறைதான். அடுத்த வாரம் தன் பழைய கீ ஒன்றைத் துவைத்து மடித்து ஒரு பையில் கொண்டு வந்து கொடுத்தார். எனக்குத் தோளில் இரண்டு விரல் பெரிது. இன்னும் வைத்திருக்கிறேன்.