அருங்காட்சியகத்தில் ஆடியோ கைடு வாங்குவது நல்லதா, சும்மா சுற்றிப் பார்ப்பது நல்லதா?

என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆடியோ கைடு என்பது காதில் விளக்கம் சொல்லும் கருவி. ஆனால் அது விளக்கம் சொல்வதோடு நிற்பதில்லை. எதன் முன்னால் நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. கருவியில் விளக்கம் உண்டு என்று காட்டும் எண் ஒட்டிய ஓவியத்தின் முன் கூட்டம் நெரியும். பக்கத்திலேயே எண் இல்லாத ஒன்று இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குரல் நின்றதும் கால் தானாக நகர்ந்துவிடும்.

இது அதன் பிறவிக் குணம். 1952-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் சிற்றலை வானொலி வழியாக விளக்கவுரையை ஒலிபரப்பியது. எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சு என்பதால், மொத்தக் கூட்டமும் சேர்ந்தே நகர வேண்டியிருந்தது. பின்னர் வந்த ஒலிநாடாவைத் தனியாகக் கேட்க முடிந்தது, வரிசையை மாற்ற முடியவில்லை. எண்ணை அழுத்தினால் பேசும் டிஜிட்டல் கருவிகள் வந்தபிறகுதான் அந்தச் சுதந்திரம் கிடைத்தது. அப்படியும் பலர் 1, 2, 3 என்றுதான் போகிறார்கள்!

கண்ணுக்கு அதிகம் எதுவும் இல்லாத இடங்களில் குரல்தான் எல்லாம். அமெரிக்காவின் அல்கட்ராஸ் சிறை 1963-இல் மூடப்பட்டது. இன்று அங்கே இருப்பவை காலி அறைகள். ஆனால் அங்குள்ள ஆடியோ கைடில் பேசுபவர்கள் அங்கே காவல் காத்தவர்களும் அடைபட்டுக் கிடந்தவர்களும். அதைக் கேட்காமல் பார்த்தால் வெறும் கம்பியும் சிமென்டும்தான்.

ஓவியம் வேறு விஷயம். “இடது மூலையில் விழும் ஒளியைக் கவனியுங்கள்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அப்புறம் அந்த மூலையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. (பின்னணியில் சோக வயலின் வேறு. நான் எப்போது உருக வேண்டும் என்பதை அவர்கள் ஏன் முடிவு செய்ய வேண்டும்?) அதனால் ஓவியங்களை முதலில் நானாகப் பார்ப்பேன். கேள்வி எழுந்தால் மட்டும் எண்ணை அழுத்துவேன். 2011-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் திறந்த மோனா அருங்காட்சியகம் எனக்குப் பிடித்ததும் இதனால்தான். சுவரில் விளக்கப் பலகையே கிடையாது. கையிலுள்ள கருவியை நீங்களாகத் தொட்டால்தான் விவரம் வரும்.

துணையோடு போனால் இன்னொரு சிக்கல். ஆளுக்கொரு ஹெட்ஃபோன் மாட்டினால் ஒருவர் முதல் கூடத்திலும் மற்றவர் மூன்றாம் கூடத்திலும் இருப்பார்கள். ஒரு கருவி மட்டும் வாங்குங்கள். ஒருவர் கேட்டு மற்றவருக்குச் சொல்லட்டும். பேச்சு இழுத்துக்கொண்டே போனால் பாதியில் நிறுத்திவிடுங்கள், அது கோபித்துக்கொள்ளாது.